குரங்கிடம் அறை வாங்கிய கமாண்டோ

பெயர்தான் கமாண்டோ. வேலை, தூக்கம். திருடனே வந்து தட்டி எழுப்பினாலும் கொட்டாவி விட்டுவிட்டுப் புரண்டு படுக்கிற தெருநாய் அது.

ஒருநாள் கோயில் குரங்கு ஒன்று அதன் சோற்றைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் கன்னத்தில் ஓர் அறையும் விட்டது. அந்தச் சத்தத்தில் ஊர் தள்ளி இருக்கிற வாலாஜாபாத் நாய்கள்கூடக் கன்னத்தைத் தடவிப் பார்த்தன. நம்பித்தான் ஆக வேண்டும்.

அன்றிலிருந்து கமாண்டோ எதைக் கண்டாலும் குரைத்தது. பால்காரர், காக்கை, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் பை, எதையும் விடவில்லை.

நெசவாளர் சபாபதிக்குப் பொறுமை போய்விட்டது. "தறியில உக்கார முடியல. நாளைக்கு ஆட்டோவுல ஏத்திக்கினு போய் ஏனாத்தூர்ல வுட்டுடப் போறேன்!"

பக்கத்து வீட்டு திரிஷா ஓடி வந்தாள். கமாண்டோவுக்குத் தினமும் சோறு வைப்பவள் அவள்தான்.

"அதுக்குப் பைத்தியம் இல்ல மாமா. நம்ம உடம்புல காவல்கார செல்லுங்க இருக்குதாம். ஒரு கிருமிகிட்ட சண்டை போட்டா, அதுல சிலது அப்பறமும் உஷாராவே இருக்குமாம். டீச்சர் சொன்னாங்க. அதுங்களுக்குக் கிருமியோட முகம் ஞாபகம் இருக்காது. அடி வாங்குனதுதான் ஞாபகம் இருக்கும். அதனால வேற கிருமி வந்தாலும் முன்னவிட வேகமா பாயும். கமாண்டோவும் அப்படித்தான்!"

"எவ்ளோ நாளைக்கு?"

"சில மாசம். அப்பறம் மெதுவா அடங்கிடும்."

"அதுக்குள்ள என் காது போயிடும்மா!"

மறுநாள் காலை சபாபதி கமாண்டோவைத் தூணில் கட்டினார். ஆட்டோ இன்னும் வரவில்லை. தெருவில் அவருடைய பட்டுப் பாவு, அதாவது நெய்ய வேண்டிய நீள நூல்கள், கஞ்சி தெளித்துக் காய்ந்துகொண்டிருந்தது. அவர் டீ குடிக்க உள்ளே போனார்.

கஞ்சி வாசம் பிடித்து ஓர் ஆட்டுக்கிடா வந்தது, கல்யாணப் பந்திக்கு வருகிற பெரிய மனிதரைப் போல. திரிஷா "சூ! சூ!" என்று கத்தினாள். கிடா அவளை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. பாவின் பக்கம் வாயைக் கொண்டுபோனது.

தூணில் கமாண்டோ துள்ளிக் குதித்தது. திரிஷா ஓடிப்போய்க் கயிற்றை அவிழ்த்துவிட்டாள்.

கமாண்டோ குரைத்த குரைப்பில் ஓடிய கிடா, திருமுக்கூடல் போய்த்தான் மூச்சு விட்டது.

சபாபதி ஓடி வந்து பாவைத் தடவிப் பார்த்தார். ஓர் இழைகூட அறவில்லை.

"அடிச்சது குரங்கு. வந்தது ஆடாச்சே?"

"அதுக்கு முகமா ஞாபகம், மாமா?"

அப்போது ஆட்டோ வந்து நின்றது. "சவாரி இல்லப்பா, நீ போ" என்றார் சபாபதி. பிறகு திரிஷாவிடம் குரலைத் தாழ்த்தினார். "வூட்ல பஞ்சு இருந்தா கொஞ்சம் குடும்மா."

இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்தார். கமாண்டோ அந்தப் பஞ்சைப் பார்த்தும் குரைத்தது.