கதவிடுக்கில் ஒரு கையுறை

நேற்றுக் காலை தானே எழுந்து, தானே தேநீர் ஊற்றிக் குடித்து, "இந்த வீட்டுல ரொட்டி சுடத் தெரிஞ்சவ யாருமே இல்லையா?" என்று அதட்டிய மாமியார், இன்று தலையைத் தூக்க முடியாமல் கிடந்தாள். முகம் மட்டும் கல்யாணப் பெண்ணுடையது போலச் சிவந்திருந்தது.

உல்ஜானுக்கு இதுதான் பிடிபடவில்லை. ஐந்து வாரமாக இப்படி. ஒரு நாள் நன்றாக இருப்பாள், மறுநாள் தலைவலி, வாந்தி. நேற்றும் இன்றும் அதே ரொட்டி, அதே உப்புத் தேநீர், அடுப்பை ஒட்டி அதே படுக்கை. செவிலி வந்து ரத்த அழுத்தம் பார்த்தாள். குறையொன்றும் இல்லை. இதில் இன்னொரு விசித்திரம்: மாமியார் படுத்துக்கொள்ளும் நாளில், அடுப்படியில் தூங்கும் பூனையும் கால் பின்னித் தள்ளாடியது! பூனைக்கு யார் ரத்த அழுத்தம் பார்ப்பது?

வாந்திக் கிண்ணத்தை அவள் கழுவிக்கொண்டிருக்கும்போதே நாத்தனார் ஜிபெக் வந்துவிட்டாள். இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள்.

"மறுபடியுமா? அண்ணே... காரணம் எனக்குத் தெரியும். சொன்னா அண்ணிக்குக் கோவம் வரும்."

"சொல்லு," என்றான் உல்ஜானின் கணவன் மெலிஸ்.

"விடியறதுக்கு முன்னாடி மாட்டுக் கொட்டகையில இவங்களுக்கு என்ன வேலை? பக்கத்து வீட்டுக்காரர் பார்த்திருக்கார். இருட்டுல மண்டி போட்டு முணுமுணுன்னு... யாரைக் கூப்பிடறாங்க? யார் மேல ஏவி விடறாங்க?"

உல்ஜான் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "ஜெபம் பண்றேன் ஜிபெக். உங்கம்மா பேரைச் சொல்லியும்தான்..."

"கேட்டீங்களா அண்ணே! பேரைச் சொல்லியே செய்யறாங்களாம்!"

ஒளித்து வைத்த விஷயம் இல்லை இது. மெலிஸ் சைபீரியாவில் மரம் வெட்டப் போயிருந்த மூன்று வருடத்தில், உல்ஜானின் எட்டு மாதக் குழந்தை நெஞ்சுச் சளியில் போய்விட்டது. அன்று நரின் நகரத்திலிருந்து வந்த இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதையும் விளக்காமல், அவளோடு அழுது, ஜெபித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் யாரோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது அவளுக்கு. அந்த 'யாரோ'வை அவள் பிறகு விடவில்லை. மாமியார் சாய்ராவுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றும் சொல்லவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மெலிஸ்தான் வெடித்தான். "மூணு வருஷம் பனியில நின்னு சம்பாதிச்சு, வீட்டுக்குப் புது பிளாஸ்டிக் ஜன்னல் போட்டேன். ஊசி நுழையற காத்து உள்ள வராது. எதுக்கு? எங்கம்மா கதகதப்பா இருக்கணும்னு! நீ அவங்களைப் படுக்கையில தள்ளப் பார்க்கிறியா?"

"என்னங்க... நானா?"

"இனிமே கொட்டகைக்குப் போகாத. போகணும்னா உங்கண்ணன் வீடு நரின்ல இருக்கு. அங்க போய் எத்தனை தடவை வேணும்னாலும் மண்டி போட்டுக்கோ!"

இருபது வருடம் வாழ்ந்த வீடு. குழந்தையைப் புதைத்த மண்... உல்ஜான் கண்ணைத் துடைக்கவில்லை. "போகலங்க. அத்தைக்கு அதனால நிம்மதின்னா நான் போகல," என்றாள்.

அவள் கொட்டகைக்குப் போனது எல்லா நாளும் அல்ல. பனி கொட்டும் நாளிலும், உடம்பு ஓய்ந்த நாளிலும் தூங்கிவிடுவாள். போகிற நாளில் ஒரு மணி நேரம். வீட்டுக் கதவின் இரும்புத் தாழ் 'டணார்' என்று விழும். மாமியார் விழித்துக்கொள்வாளே என்று தன் தடித்த கம்பளிக் கையுறை ஒன்றை இடுக்கில் செருகி, கதவை மூடாமல் விட்டுப் போவாள். இனி அந்தத் தொல்லை இல்லை. போர்வைக்குள்ளேயே, வாயைத் திறக்காமல் கேட்டாள்: 'ஆண்டவரே, காரணம் எனக்குத் தெரியல. எனக்குக் காட்டும்.'

அடுத்த மூன்று காலையும் மாமியார் எழவில்லை. ஒரு நாள்கூட இடைவெளி இல்லை. நான்காம் நாள், உலுக்கியும் கண் திறக்கவில்லை.

"அத்தே! அத்தே...!" ஓடி வந்த உல்ஜானுக்கே கால் தள்ளாடியது. பூனை அடுப்போரம் துணி போலக் கிடந்தது.

"பழி வாங்குறா!" என்று ஜிபெக் மார்பில் அடித்துக்கொண்டாள். "போகாதேன்னு சொன்னதுக்குப் பழி வாங்குறா! அண்ணே, இவ பையை எடுத்து வெளிய வைங்க!"

மெலிஸ் தாயைக் கம்பளத்தோடு தூக்கி முற்றத்துக்குக் கொண்டு போனான். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி உறைகுளிரில் வண்டி கிளம்ப மறுத்தது. இருமியது, நின்றது. உல்ஜான் மாமியாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பனியில் உட்கார்ந்திருந்தாள். கால் மணி ஆகியிருக்கும். மடியில் ஓர் அசைவு.

"ஏண்டா... என்னைப் பனியில போட்டிருக்கீங்க? நான் இன்னும் சாகலடா!"

உல்ஜான் அழுதுகொண்டே சிரித்தாள். வாசலில் பூனையும் தட்டுத்தடுமாறி வந்து நின்று தும்மியது. மருந்து இல்லை, மந்திரம் இல்லை. இருவருக்கும் கிடைத்தது வெளிக்காற்று மட்டும்...

மாமியாருக்குச் சால்வை எடுக்க உள்ளே ஓடினாள். ஜிபெக் கதவைச் சாத்திக்கொண்டு, கெட்டதை விரட்ட வாணலியில் அர்ச்சா மரத்தின் வாசனைத் தழையைப் புகைத்துக்கொண்டிருந்தாள். புகை எங்கும் போகவில்லை. ஆள் உயரத்தில் பலகை அடித்தது போல அசையாமல் நின்றது. உல்ஜான் அதைப் பார்த்தபடியே நின்றுவிட்டாள். விரல் விட்டு எண்ணினாள். வெள்ளிக்கிழமை கொட்டகைக்குப் போனேன், அத்தை எழுந்தாங்க. சனிக்கிழமை பனி, போகல, விழுந்தாங்க...

"என்னங்க! ஒரு நிமிஷம் வாங்க!"

"பையை எடுத்தாச்சா?" என்றான் மெலிஸ், வாசலில் நின்று.

"எடுத்துக்கறேன். முதல்ல இந்தப் புகையைப் பாருங்க."

கையுறையைக் கதவிடுக்கில் செருகினாள். இரண்டு விரல் இடைவெளி. புகைப்பலகை மெல்ல வளைந்தது. இடுக்கின் மேல்பக்கம் தேடி ஓடி, கயிறு திரித்தது போல வெளியே போயிற்று. கீழ்ப்பக்கம் கை வைத்தால் குளிர்காற்று சில்லென்று உள்ளே வந்தது.

"நிலக்கரி கங்காக் கிடக்கும்போதே, சூடு போயிடக்கூடாதுன்னு அத்தை தினம் புகைக்குழாய்த் தகட்டை உள்ள தள்ளிக் குழாயை அடைச்சிடுவாங்க. நாப்பது வருஷமாத் தள்றாங்க. ஒண்ணும் ஆகல. ஏன்னா பழைய ஜன்னலோட மரச்சட்டம் நெடுக விரிசல். இப்ப ஊசி நுழையற காத்தும் வராது. கங்கோட விஷம் வீட்டுக்குள்ளயே நிக்குது. அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. நான் கொட்டகைக்குப் போன அன்னிக்கெல்லாம் இந்தக் கையுறை கதவுல இருந்துச்சு."

மெலிஸ் தன் புது ஜன்னலைப் பார்த்தான்.

வண்டி ஒருவழியாகக் கிளம்பியது. மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தபடியே டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "வீட்டுல ஜன்னல் புதுசா?"

மறுநாள் மதியம் சாய்ரா வீடு திரும்பினாள். மகன் கைத்தாங்கலை விலக்கிவிட்டு மருமகளைக் கூப்பிட்டாள்.

"ஏண்டி, என்னைக் காப்பாத்தத்தான் கதவைத் திறந்து வெச்சியா?"

உல்ஜானுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "இல்ல அத்தே... தாழ் சத்தம் உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னுதான் வெச்சேன். எனக்கு ஒண்ணும் தெரியாது. உங்களை நினைச்சவர் அவர்."

கிழவி அடுப்போரப் படுக்கையில் உட்கார்ந்தாள். "உன் ஆளை எனக்குத் தெரியாது. இந்த வயசுல தெரிஞ்சுக்கவும் மாட்டேன். ஆனா அன்னிக்கு இவன் உன்னைப் போன்னு சொன்னப்ப, சுவத்தைப் பார்த்துப் படுத்துட்டேன் பாரு... அது தப்பு. தப்புடி, என் கண்ணே!"

உல்ஜான் அந்த மடியில் விழுந்தாள். இருபது வருடத்து அழுகை. கதவோரம் நின்ற ஜிபெக், "அண்ணி... என் அர்ச்சாப் புகைதானே காட்டிக் கொடுத்துச்சு?" என்று மூக்கை உறிஞ்சினாள்.

"ஆமா. அடுத்த தடவை கதவைத் திறந்து வெச்சுட்டுப் போடு."

ஜிபெக் வாசலில் கொண்டு வைத்திருந்த உல்ஜானின் பையை மெலிஸ் எடுத்துப் பழைய இடத்தில் வைத்தான்.

அன்று மாலை அடுப்பின் முன் நால்வரும் குனிந்து பார்த்தார்கள். கங்கின் மேல் நீலச் சுடர் ஆடிக்கொண்டிருந்தது. சாய்ராவின் கை பழக்கத்தில் தகட்டை நோக்கிப் போனது. தானே அதைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு எழுந்து போய், மருமகளின் கையுறையைக் கதவிடுக்கில் செருகினாள்.

நீலச் சுடர் முழுதும் அடங்கும்வரை தகட்டைத் தள்ளக் கூடாது. கதவு இரண்டு விரல் அகலம் திறந்தே இருக்க வேண்டும்.