மூன்று பத்துக்கு ஏறிய யூனிட்

வெள்ளிக்கிழமை காலை. குடிநீர்த் தொட்டியிலிருந்து பிணத்தைத் தூக்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பம்ப் ஆபரேட்டர். உறிஞ்சு குழாயின் வாயை அடைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்... உப்பிப்போய். சே!

"செவ்வாய்க்கிழமை டியூட்டிக்கு வந்தவரு சார்," என்றாள் அவர் மனைவி. "தேடி வந்தேன். ஆள் பத்தல, இங்கயே தங்கி வேலை பாக்கறான்னு இன்ஜினியர் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு."

நிலைய இன்ஜினியர் வாய் கூசாமல் பேசினார்.

"குடிகாரன் சார். நேத்து சாயந்திரம் தடுமாறி விழுந்திருப்பான். நான் அப்ப மின்சிக்கன விருது வாங்கிட்டிருந்தேன். நூறு பேர் பாத்தாங்க. லாக் புக்ல நேத்து மத்தியானம் வரைக்கும் அவன் கையெழுத்து இருக்கு."

"அவரு குடிக்கவே மாட்டாரு சார். நாளைக்கு எம் பொண்ணைக் குடிகாரன் மகள்னு சொல்லுவாங்க."

அந்த விருதுக் கணக்கில் சந்தேகப்பட்டு மேலிடம் அனுப்பிய எனர்ஜி ஆடிட்டர் லேப்டாப்பைத் திருப்பினாள். பம்ப் திணறுகிறது, தொட்டியைத் திறங்கள் என்று காலையில் பிடிவாதம் பிடித்தவள் அவள்தான்.

"திங்கட்கிழமையே மோட்டார்லயும் குழாய்லயும் என் மீட்டரை மாட்டிட்டேன் சார். இவருக்குத் தெரியாது. ஆபரேட்டர்தான் உதவி பண்ணாரு. லாக் புக்ல இருக்கறது பூரா பொய், புதன்கிழமை எழுதித் தரேன்னாரு."

"மீட்டர் என்ன சொல்லுது?"

"ஆயிரம் லிட்டர் ஏத்த அரை யூனிட் கரண்ட். செவ்வாய் மத்தியானம் மூணு பத்துக்கு அது ஒரு யூனிட்டா ஏறிடுச்சு. குழாய் வாய் அடைபட்டா அப்படித்தான் ஆகும். இன்னிக்குக் காலையில பதிவை எடுத்துப் பாத்தேன், இன்னும் இறங்கல."

இன்ஸ்பெக்டர் லாக் புக்கைப் புரட்டினார். புதன், கால் யூனிட். வியாழன், கால் யூனிட். கீழே ஆபரேட்டரின் கையெழுத்து.

"செத்தவன் ரெண்டு நாளா ரீடிங் எடுத்திருக்கான். செவ்வாய் மூணு பத்துக்கு நீங்க எங்க சார் இருந்தீங்க?"

பக்கத்திலிருந்த காவலாளி முந்திக்கொண்டார்.

"தொட்டிப் பக்கம்தான் சார். கூட ஆபரேட்டர். திரும்பி வந்தது இவர் மட்டும்தான். கேட்டதுக்கு, வேலை வேணுமான்னாரு."

"பொய்க் கணக்கை எழுதிக் குடுக்கப் போறேன்னான்... என் விருது போயிடும்னு..." இன்ஜினியர் பெஞ்சில் சரிந்தார். "தள்ளிட்டேன்."

ஆபரேட்டரின் மனைவி அவர் முகத்தில் காறித் துப்பினாள். யாரும் தடுக்கவில்லை.

இன்ஜினியர் முகத்தைத் துடைத்தார். "குடிக்கக் கொஞ்சம்... பாட்டில் தண்ணி."

இன்ஸ்பெக்டர் குழாயைத் திறந்து டம்ளரை நிரப்பி நீட்டினார்.

"இதையே குடிங்க சார். நாலு நாளா ஊருக்கே இதைத்தானே ஊத்தினீங்க?"