கையுறையைக் கழற்று!

"ஐயோ... என் முட்டி!"

ஃபின்லாந்தின் டம்பெரே நகரத்துப் பனி ஹாக்கி அரங்கமே அதிர்ந்தது.

இருட்டாயிருந்த உடைமாற்றும் அறையில் யாரோ விளக்கைப் போட்டார்கள். தரையில் புரண்டுகொண்டிருந்தான் ஒஸ்ஸி. கரடிகள் அணியின் கோல்கீப்பர். பக்கத்தில் உடைந்த ஹாக்கி மட்டை... வாயில் ரத்தம்!

முழு ஆட்டக் கவசத்தோடு முதலில் ஓடிவந்தவன் ஆர்மஸ். மாற்று கோல்கீப்பர். ஒஸ்ஸியோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவன்.

ஓநாய்கள் அணியோடு நடக்கும் இறுதித் தொடரில் ஆளுக்கு மூன்று வெற்றி. சாயங்காலம் ஏழாவது ஆட்டம். ஜெயிக்கிறவனுக்குக் கோப்பை. இந்த நேரத்தில் இப்படி ஒரு வேலை!

இன்ஸ்பெக்டர் ரையா வந்து குனிந்து பார்த்தார்.

"வாயில என்னப்பா ரத்தம்?"

"என்னோடது இல்லே மேடம், அடிச்சவனோடது! இருட்டுல மட்டையால விளாசினான். சிக்கின வலது கையைக் கடிச்சுட்டேன்!"

"சபாஷ்! காலை டிபன் முடிஞ்சுதுன்னு சொல்லு."

"அந்த ருஸ்கா வேலைதான் இது!" ஆர்மஸ் கொதித்தான். "ஓநாய்கள் கேப்டன். நேத்து டிவியிலயே சொன்னானே... ஒஸ்ஸி நாளைக்கு நொண்டுவான்னு!"

டாக்டர் முட்டியை அமுக்கிப் பார்த்தார். "உடையலை. ஆனா இதே இடத்துல இன்னொரு அடி பட்டா, ஆயுசுக்கும் ஊன்றுகோல்தான்."

"நீ படுடா. நான் பார்த்துக்கறேன்" என்றான் ஆர்மஸ்.

"முடியாது! நான் படுத்துட்டா அடிச்சவன் நெனச்சது நடந்துடும். நான் ஆடுவேன்!"

நிருபர்களுக்கு வழக்கமான பொய். 'உடம்பின் கீழ்ப்பகுதியில் லேசான காயம்.'

கடிபட்ட கையைத் தேடிப் போன ரையாவின் மூக்கை இடிக்கிற மாதிரி ஓநாய்கள் அறையின் கதவு சாத்தப்பட்டது.

"கையைக் காட்டணுமா? கோர்ட் உத்தரவு கொண்டா!"

ஞாயிற்றுக்கிழமை! எந்தக் கோர்ட்? ரத்தப் பரிசோதனைக்கோ ஒரு வாரம் ஆகும்.

"ஆட்டம் முடிஞ்சதும் அவனுங்க ஊரு ஔலுவுக்கு பஸ் ஏறிடுவானுங்க" என்று பல்லைக் கடித்தான் ஒஸ்ஸி.

"ஏறட்டும். அதுக்கு முன்னாடி ரெண்டு டீமும் வரிசையா நின்னு கை குலுக்கணுமில்லே? கிளவுஸோட கை நீட்டினா நாடே காறித் துப்பும்! நீ ஒவ்வொரு கையா பார்த்துக்கிட்டே வா."

ஆட்டம் தொடங்கியது.

ரையாவுக்கு உட்காரவே முடியவில்லை. ஒஸ்ஸி முட்டி போடும்போதெல்லாம் இவர் எழுந்து தடுப்புக் கண்ணாடிக்கு ஓடினார்.

இரண்டுக்கு ஒன்று. கரடிகள் முன்னிலை. கடைசி நிமிடம்... ருஸ்கா பாய்ந்து வந்து கோலை நோக்கி அடித்தான்!

அடிபட்ட முட்டியையே பனியில் ஊன்றி விழுந்தான் ஒஸ்ஸி. தடுத்துவிட்டான்!

சங்கு அலறியது. கரடிகளின் மட்டைகள், தலைக்கவசங்கள், கையுறைகள் எல்லாம் ஆகாயத்தில் பறந்தன!

கை குலுக்கும் வரிசை. ஒன்று... இரண்டு... எல்லாம் வெறுங்கை. ஒன்றிலும் காயம் இல்லை. கடைசியாக ருஸ்கா வந்தான். அவன் கையும் சுத்தம்!

"முட்டி எப்படிடா இருக்கு?" கட்டிப்பிடித்துக்கொண்டான். "நான் வாய்ச்சவடால்தான்டா விட்டேன்! எந்த நாய் அடிச்சது?"

ஒஸ்ஸி ரையாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். ரையாவுக்குத் தலை சுற்றியது.

கோப்பை வந்தது. கைமாறிக் கைமாறி...

"ஆர்மஸ்! தூக்குடா!"

தூக்கினான். ரையாவின் கண்கள் அங்கேயே நின்றுவிட்டன. அத்தனை பேர் கையுறையும் பனியில் கிடக்க, கை குலுக்கும் வரிசைக்கே வராத இவன் வலது கையில் மட்டும்...

"தம்பி... கோப்பையை யாராவது கிளவுஸோட தூக்குவாங்களா? கழட்டு."

"கு... குளிருது மேடம்."

"ஃபின்லாந்துக்காரனுக்கா?"

ரையாவே உருவினார். உள்ளே கட்டு. அதில் ரத்தம்!

"நீயாடா?" ஒஸ்ஸியின் குரல் உடைந்தது. முட்டியைவிட இதுதான் வலித்தது.

"ஏழு வருஷம்டா!" ஆர்மஸ் வெடித்து அழுதான். "பெஞ்சுல உட்கார்ந்து, ஆட இறங்கற உங்களுக்குக் கதவு திறந்து விட்டேன்! ஒரே ஒரு பைனலாவது ஆடணும்னு..."

ரையா விலங்கைப் பூட்டினார்.

"அழாதே தம்பி! எங்க ஜெயில் டீமுக்கு கோல்கீப்பரே இல்லே. இனிமே எல்லா மேட்ச்சும் நீதான்!"