வாசலைத் தாண்டாத செருப்பு

கோழி கூவும் முன்பே தீர்த்தம்மாளுக்கு விழிப்புத் தட்டிவிடும். எழுந்திருக்கத்தான் பயம். கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்ததும் வலது குதிகாலில் ஆணி ஏறும்... ஏறின வலி தொடை வரைக்கும் போய்த்தான் நிற்கும். உங்களில் யாருக்காவது அது வந்திருந்தால், கண்ணுகளா, நான் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அன்றும் சுவரைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் ஊன்றி, நொண்டியபடியே அடுப்படிக்குப் போனாள். மருமகள் பூவிழிக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மாரண்டஹள்ளி ரோட்டில் விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து நிற்கும். அதற்குள் டிபன் பாக்ஸ் கட்டியாக வேண்டும்.

தலை பின்னிக்கொண்டிருந்த பூவிழி அந்த நொண்டலைப் பார்த்தாள். முகம் இறுகியது.

"நான் வேலைக்குப் போறது புடிக்கலைன்னா வாயால சொல்லிடுங்க அத்தை. தெனமும் காலால சொல்லாதீங்க."

"அப்படியெல்லாம் இல்ல கண்ணு... கால் மரத்துப்போச்சு. ரெண்டு நடை நடந்தா சரியாப்போயிரும்."

படுக்கையிலிருந்தே மகன் ரஞ்சித்குமார் குரல் கொடுத்தான். "அம்மாவுக்கு முடியலைன்னா நீ வேலைய வுட்டுடு பூவிழி. எத்தன தடவ சொல்றது?"

"பாத்தீங்களா? இதுக்குத்தான அத்தை இவ்வளவும்?"

தீர்த்தம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு குதிகாலை முழுசாக ஊன்றி நடந்து காட்டினாள். "எனக்கு ஒண்ணுமில்ல சாமி, நீ தூங்கு" என்று மகனுக்குச் சொன்னாள்.

அதுவே வினையாகிப் போனது. சற்று முன் நொண்டியவள் இப்போது நேராக நடக்கிறாளே என்று பூவிழி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

அந்த நோவின் குணமே அது. தூங்கி எழுந்து வைக்கும் முதல் சில அடிகள் உயிரை வாங்கும். நடக்க நடக்கக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். பகலில் தீர்த்தம்மாள் தக்காளி மண்டியில், காய் கொட்டுகிற இடத்தில் செருப்பு கூடாதென்பதால், வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் நின்று காய் தரம் பிரிப்பாள். பக்கத்து வீட்டு மணிமேகலை அதை வெகுளியாகச் சொல்லிவைத்தாள். "உங்க மாமியாருக்கு என்ன பூவிழி, மண்டியில நாளெல்லாம் நிக்கறாங்க. எங்களால முடியலப்பா."

பூவிழியின் மனதில் அது தைத்துக்கொண்டது.

தீர்த்தம்மாள் சும்மாவும் இருந்துவிடவில்லை. யாருக்கும் தெரியாமல் பாலக்கோட்டுக்குப் பஸ் ஏறி டாக்டரம்மாவைப் பார்த்து வந்தாள். உள்ளங்காலில் இருக்கும் தசைநார் புண்பட்டிருக்கிறது, ரொம்ப நேரம் நிற்காதீங்க, வெறுங்காலோடு நடக்காதீங்க, வூட்டுக்குள்ளயும் மெத்துமெத்துன்னு செருப்பு போடுங்க என்றார் அந்த அம்மா. காலையில் இறங்குவதற்கு முன்னால் துண்டை முன்பாதத்தில் மாட்டி உங்க பக்கமா இழுங்க என்றும் சொன்னார். செருப்பையும் வாங்கினாள். ஆனால் கூடத்து மூலையில் மஞ்சள் துணி சுற்றிக் குலசாமி வேல் நிற்கிறதே. மாமனார் காலத்திலிருந்து காலில் போட்ட செருப்பு அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. அரிசி டிரம்முக்குப் பின்னால் புதுசு கலையாமல் அதை வைத்துவிட்டாள்.

மகனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அவன் மருமகளை வீட்டில் உட்கார வைத்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டும்போது பூவிழி கையில் அந்தச் செருப்பு அகப்பட்டது.

"இது ஆருதுங்க அத்தை?"

"எனக்குத்தான்... டாக்டரம்மா போடச் சொன்னாங்க."

"அடியில மண்ணுகூட ஒட்டல. நெசமா வலிச்சா போட்டிருக்க மாட்டீங்களா?"

"வேலு இருக்கற வூட்டுக்குள்ள எப்படி கண்ணு..."

"சாமியையும் இதுல இழுத்துட்டீங்க." பூவிழி செருப்பை இருந்த இடத்திலேயே போட்டாள். "போதுங்க அத்தை. நாங்க ஓசூர்லயே வூடு பாத்துக்கறோம். என்னைப் பாத்து நீங்களும் நொண்ட வேணாம், உங்களைப் பாத்து நானும் அழ வேணாம்."

அப்படித்தான் முடிவானது. ஓசூரில் வீடும் பார்த்தாயிற்று. அந்த வாரம் முழுக்கத் தீர்த்தம்மாள் பாத்திரங்களைத் துடைத்துத் துடைத்துக் கட்டி வைத்தாள். நல்ல குக்கரை அவர்கள் மூட்டையில் வைத்தாள்.

மூட்டை கட்டும் வேலைக்காகப் பூவிழி ஒருநாள் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு மத்தியானமே வந்தாள். கதவு திறந்திருந்தது. உள்ளே தீர்த்தம்மாள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் பொங்கும் சத்தம். அவசரமாக எழுந்தவள், வலது காலை ஊன்றியதும் அப்படியே மடிந்து விழுந்தாள்.

வாசலில் பூவிழி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தீர்த்தம்மாள் எழ முயலவில்லை. முட்டியையும் கையையும் ஊன்றித் தவழ்ந்தே அடுப்படிக்குப் போனாள். "சித்த பொறுடி காலு... ரெண்டு நாள் பொறு. அதுங்க போனப்புறம் நீயும் நானும்தான். எப்படி வேணா நொண்டிக்க" என்று குதிகாலோடு பேசிக்கொண்டே அடுப்பை அணைத்தாள்.

பார்க்க ஆளில்லாத வீட்டில் யாருக்காக ஒருத்தி நடிப்பாள்?

"அத்தை..."

பூவிழி ஓடி வந்து மடியில் விழுந்தாள். மாமியார் பதறிப்போய்ப் பார்த்தது அவள் காலை. "செருப்பு கண்ணு... செருப்போட வந்துட்ட."

"கெடக்கட்டும் அத்தை. ஏன் சொல்லல? ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"சொன்னா அவன் உன்ன வேலைய வுடச் சொல்லுவான். எனக்கெல்லாம் தக்காளி மண்டிதான் கண்ணு. உனக்கு ரோட்டுக்கே பஸ் வந்து கூட்டிட்டுப் போவுது. எங்காலு வலிக்குதுன்னு அதை நிறுத்துவனா?"

"நான் உங்களை என்னென்ன சொன்னேன்..."

"நீ பாத்தத சொன்ன. வுடு."

இருவரும் அடுப்படித் தரையிலேயே கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு பூவிழி எழுந்துபோய் டிரம்முக்குப் பின்னாலிருந்து அந்தச் செருப்பை எடுத்து வந்தாள். வேலுக்கு முன்னால் நின்று, "கோவம் வந்தா எம்மேல வரட்டும்" என்றாள். மாமியாரின் பாதத்தைத் துடைத்து, தன் கையாலேயே மாட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் ரஞ்சித்குமாரிடம் அவளே பேசினாள். "நான் வேலையும் வுட மாட்டேன், அத்தையையும் வுட மாட்டேன். ஓசூர் வேணாம்."

தீர்த்தம்மாள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "போங்க கண்ணு. இருட்டுல நீ தனியா பஸ்ஸுக்கு நிக்கறப்ப எனக்கு இங்க நெஞ்சு அடிச்சுக்கும். அங்க இருந்தா வெளிச்சத்துல போவ."

"அப்ப நீங்களும் வாங்க."

"வேலுக்கு விளக்கு ஆரு வெப்பா?"

போகும்முன் பூவிழி மண்டிக்காரரிடம் பேசி, உட்கார்ந்து காய் பிரிக்க ஒரு ஸ்டூலுக்கு ஏற்பாடு செய்தாள். ஞாயிற்றுக்கிழமை மினி லாரி கிளம்பியது. வளைவு திரும்பும் வரை அவள் தலையை வெளியே நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள்.

இப்போதும் கோழி கூவும் முன்பே தீர்த்தம்மாளுக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. டிபன் கட்ட யாருமில்லை. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்தே இருக்கிறாள். விடிகிற நேரத்தில் அது அடிக்கிறது.

"அத்தை, கால கீழ வெச்சிட்டீங்களா?"

"இன்னும் இல்ல கண்ணு."

"துண்டு மாட்டி இழுங்க. மெதுவா... இன்னும் கொஞ்சம். செருப்பு எங்க இருக்கு?"

"கட்டிலுக்குக் கீழ, நீ வெச்ச எடத்துலயே."

"போட்டுக்கிட்டு நடங்க. போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டு நடங்க, நான் கேக்கறேன்."

தீர்த்தம்மாள் கூடத்தில் நடக்கிறாள். முதல் அடி இன்னும் வலிக்கத்தான் செய்கிறது. ஆனால் ஆணியில்லை, முள். சரக், சரக்கென்று வெற்று வீட்டில் செருப்புச் சத்தம் கேட்கிறது. வேலுக்கு விளக்கேற்றித் திரும்பும்போது அந்தப் பக்கம் ஹாரன் அடிக்கிறது.

"பஸ் வந்துருச்சு அத்தை, வெக்கட்டுங்களா?"

"ஏறு கண்ணு, பாத்து ஏறு."

போன் அடங்குகிறது. மண்டிக்குப் போக இன்னும் நேரம் இருக்கிறது. அந்தச் செருப்புச் சத்தம் நின்றுபோகாமல் இருக்க, அவள் கூடத்தை இன்னொரு சுற்று நடக்கிறாள்.