நன்யோங்காவின் பெயர் எழுதிய பைக்

காலை எட்டு மணிக்கு மசாக்கா போலீஸ் ஸ்டேஷனில் கலூலே இரண்டு பொருட்களைக் காணோம் என்று புகார் கொடுத்தான். ஒன்று, அவன் ஆள் ஏற்றி ஓட்டும் பைக்கின் எஞ்சினில் இருந்த அசல் சென்சார். இன்னொன்று, அவன் மனைவி.

இன்ஸ்பெக்டர் பாபிரியே பேனாவைக் கீழே வைத்தார்.

"சென்சாரை எடுத்தது யாரு?"

"என் மச்சான் லுபேகா. மெக்கானிக்."

"மனைவியை?"

"அதுவும் அவனாலதான் மேடம். அவன் தங்கச்சிதானே அவ."

கதை இதுதான். பைக் மீட்டரில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு திடீரென எரியும். எஞ்சின் விக்கும். சில நேரம் அணைந்தே போகும். அடுத்த நிமிடம் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். லுபேகா ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு ஆக்ஸிலேட்டர் சென்சார் என்றான், மாற்றினான். விளக்கு மறுபடி எரிந்தது. அப்படியானால் நல்லதைக் கழற்றி விற்றுவிட்டுக் குப்பையை மாட்டிவிட்டான் என்று கலூலே முடிவு கட்டினான். அவன் முடிவு கட்டுவதில் எப்போதும் வேகம்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி நன்யோங்காவை ஏற்றிக்கொண்டு சர்ச்சுக்குப் போனபோது மேட்டில் வண்டி நின்றுவிட்டது. பக்கத்திலேயே, ஆள் ஏற்றும் பைக்காரர்கள் கூடி நிற்கும் ஸ்டாண்டு. அத்தனை பேர் முன்னால், "உங்க அண்ணன் ஒரு திருடன்!" என்று கத்தினான். அவள் வண்டியை விட்டு இறங்கி, பட்டுடுப்பை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நடந்தே தகப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"போய் அழைச்சுட்டு வர வேண்டியதுதானே?"

"எப்படி மேடம் போறது? நம்ம வழக்கப்படி, கோவிச்சுட்டுப் போன பொண்ணோட அண்ணன் கையில சேவலைக் கொடுத்துத்தானே அவளைக் கேக்கணும்? அவனைத்தானே நான் திருடன்னுட்டேன்! நீங்க விசாரிச்சு, அவன்தான் எடுத்தான்னு சொல்லிட்டா, நான் சொன்னது உண்மைன்னு ஆயிடும். அவளும் வந்துடுவா."

வெளியே வந்ததும் அவன் சட்டைக் கையால் வண்டியின் இடது சைடு பேனலைத் துடைத்தான். அதில் மஞ்சள் பெயிண்டில் மனைவி பெயர். கடைசி எழுத்து மட்டும் தேய்ந்திருந்தது.

மணி பத்து. லுபேகாவின் பட்டறைக்குப் பாபிரியேவும் ஒரு கான்ஸ்டபிளும் கலூலேயும் அவன் வண்டியோடு வந்து சேர்ந்தார்கள்.

"சென்சார் எங்கே?" என்று கேட்டார் பாபிரியே.

லுபேகா ஒரு பால் டப்பாவைக் கவிழ்த்தான். பழைய சென்சார் விழுந்தது. "இந்தா இருக்கு. யாரு மேடம் வாங்குவா இதை? புதுசு வந்த பெட்டியும் அந்தா கிடக்கு."

"அப்புறம் ஏன் விளக்கு எரியுது?"

"அதைக் கண்டுபிடிக்க முடியாமதான் ராத்திரி தூக்கம் போச்சு."

அவன் பேனலைக் கழற்றி ஓரமாக வைத்தான். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயராகப் பிடித்து ஆட்டினான். விளக்கு எரியவில்லை. பேனலை மாட்டி, கான்ஸ்டபிளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டில் இரண்டு தடவை ஏறி இறங்கினான். எரியவில்லை. டாக்டரைப் பார்த்ததும் நின்றுபோகும் பல்வலி மாதிரி.

"உனக்கு என்னைப் பார்த்தா கிண்டலா இருக்கா?" என்று பாபிரியே கலூலேயிடம் எரிந்து விழுந்தார். "வா, என்னை ஸ்டேஷன்ல விடு."

சீருடைப் பாவாடையோடு, வழக்கம்போல இரண்டு காலையும் இடது பக்கம் போட்டு உட்கார்ந்தார். மேட்டில் ஒரு பள்ளம். வண்டி குலுங்கியதும் கால்களை இறுக்கிக்கொண்டார்.

"மேடம்! எரியுது, எரியுது!"

எஞ்சின் நின்றது.

பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். லுபேகா பேனலைக் கழற்றினான், ஒயரை ஆட்டினான். ஒன்றுமில்லை. பாபிரியேவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கொலைகாரனைக் கூடப் பிடித்தவர் அவர். பட்டாணி அளவு விளக்கு அவரை மத்தியான வெயிலில் அலைக்கழித்தது.

"இதுவரைக்கும் விளக்கு எரிஞ்சப்ப எல்லாம் பின்னால யாரு உட்கார்ந்திருந்தா? யோசிச்சுச் சொல்லு."

"டீச்சரம்மா. பிரசவம் பாக்கற நர்ஸம்மா. மார்க்கெட்ல மீன் விக்கிற அக்கா. நன்யோங்கா. இப்ப நீங்க."

"ஆம்பளைங்க?"

"ரெண்டு பேரா ஏத்தினாலும் ஒண்ணும் ஆகாது. வாழைத்தார் நாலு கட்டினாலும் ஆகாது." குரலைத் தாழ்த்தினான். "ஸ்டாண்டுல சொல்றாங்க மேடம், பொண்ணு வீட்டுக்காரங்க செய்வினை வச்சிருக்காங்கன்னு."

லுபேகா ஸ்பேனரை விட்டெறிந்தான். "செய்வினையா? உனக்கு வைக்கணும்னா நான் நேரா மண்டையிலயே வைப்பேன், மாப்பிள்ளே!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

கலூலே முனகிக்கொண்டே, கழற்றி வைத்த பேனலை எடுத்துத் துடைத்தான். "இது வேற. ஆளாளுக்குச் செருப்பை வச்சு என் பெண்டாட்டி பேரை அழிக்கிறாங்க."

பாபிரியே அந்தப் பேனலைப் பிடுங்கினார். தேய்ந்த கடைசி எழுத்தின் மேல் புதிதாக ஒரு கறுப்புத் தடம். தன் இடது ஷூவைப் பார்த்தார். அதே கறுப்புப் பாலிஷ்.

"இதுல எப்ப பேர் எழுதினே?"

"கல்யாண நாளுக்கு."

"விளக்கு அதுக்கு முன்னால எரிஞ்சுதா?"

"...இல்ல."

"பேனலை யாரு கழற்றி மாட்டினது? லுபேகாவா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்," என்றான் லுபேகா. "பேர் எழுதின பிறகுதான் பார்த்தேன்."

கலூலே தரையைப் பார்த்தான். "நான்தான். மச்சான்கிட்ட கொடுத்தா கிண்டல் பண்ணுவான். பெயிண்ட் படாம இருக்கட்டும்னு பேனல் மூலைங்கள்ல இருக்கிற ரப்பரையெல்லாம் பிடுங்கினேன். ஒண்ணு எங்கேயோ உருண்டு போச்சு. சின்ன ரப்பர்தானேன்னு விட்டுட்டேன்."

"எந்த மூலை ரப்பர்?"

கலூலேயின் விரல் கடைசி எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது.

"லுபேகா, பேனலை மாட்டு. இந்தத் தடவை கழற்றாதே. எஞ்சினை ஓட விடு."

நின்ற வண்டியில் பாபிரியே ஒரு பக்கமாக உட்கார்ந்தார். குதிகாலைக் கடைசி எழுத்தின் மேல் வைத்து அழுத்தினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. காலை எடுத்தார், அணைந்தது. அழுத்தினார், எரிந்தது.

லுபேகா தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ரப்பர் இல்லாத மூலை உள்ளே போகுது. பேனலோட முனை பின்னால இருக்கிற ஒயர் பிளக்குல இடிக்குது. ஸ்கேனருக்கு அது சென்சார் கெட்ட மாதிரி தெரியுது. ஆம்பளைங்க ரெண்டு பக்கமும் கால் போடுறாங்க, பேனல்கிட்டயே வர்றதில்லை. நாங்க ஒரு பக்கமா உட்காருறோம். மேடு பள்ளம் வந்தா குதிகாலை ஊணிக்கிறோம்." லுபேகா பக்கம் திரும்பினார். "நீ ஒவ்வொரு தடவையும் குற்றவாளியைக் கழற்றி ஓரமா உட்கார வச்சுட்டு வீடு பூராத் தேடினே."

"அப்ப குற்றவாளி..." என்று இழுத்தான் கலூலே.

"கால் எங்களோடது. கை உன்னோடது. புகாரை வாபஸ் வாங்கிட்டுப் போய்ச் சேவல் வாங்கு."

சாயங்காலம் கலூலே மாமனார் வீட்டு வாசலில் சேவலோடு நின்றான். பழைய டியூபில் ஒரு வளையம் வெட்டி லுபேகாதான் பேனலின் அந்த மூலையில் மாட்டியிருந்தான். மாட்டிவிட்டு, அவனுக்கு முன்பே வந்து, பெண்ணின் அண்ணனாக நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"தப்பு என்னுது, மச்சான்."

லுபேகா அவனை வெகுநேரம் நிற்க வைத்தான். பிறகு சேவலை வாங்கினான். "இது எனக்கு. மீதியை அவகிட்ட பேசு."

நன்யோங்கா வெளியே வந்தாள். எல்லாவற்றையும் அண்ணன் சொல்லியிருந்தான். பேனலில் இருந்த தன் பெயரைப் பார்த்தாள்.

"என் பேரை எழுதத் தெரிஞ்ச உனக்கு, என் அண்ணன் பேரைக் கெடுக்கவும் தெரியுது."

கலூலே வண்டியைக் கிளப்பினான். அவள் ஒரு பக்கமாக ஏறி உட்கார்ந்தாள். மேடு வந்தது. அவள் தன் பெயரின் கடைசி எழுத்தில் குதிகாலை வைத்து ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"விளக்கு எரியுதா?"

"இல்ல."

இன்னொரு மிதி. "இப்ப?"

"இல்லம்மா. சத்தியமா இல்ல."

"சரி. வண்டியை ஸ்டாண்டுக்கு விடு."

"ஸ்டாண்டுக்கா? எதுக்கு? வீட்டுக்குப் போகலாமே."

"அங்கேதானே அத்தனை பேர் முன்னால என் அண்ணனைத் திருடன்னே? அதே இடத்துல நின்னு, அதே மாதிரி கத்திச் சொல்லு, திருடன் இல்லேன்னு. அதுக்கப்புறம் வீட்டைப் பத்தி யோசிக்கலாம்."