கணக்கில் சேராதவள்

அந்தப் பழைய வீட்டுக்கு அவள் குடிவந்தது சாதாரண மத்தியான வேளையில். கையில் ஒரு பெட்டி, வயிற்றில் ஒரு எரிச்சல். பெட்டியைப் புருஷன் வாசலிலேயே வாங்கிக்கொண்டான். எரிச்சலை யார் வாங்கிக்கொள்வார்கள்? அது அவளோடு உள்ளே வந்தது.

அவள் இளைய தாரம். மூத்தவள் இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. அந்த மூத்தவளைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை, அதுதான் இவளுக்குப் பெரிய குறை. துணி காயப்போட்டால்கூடப் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, அவள் இப்படி உதற மாட்டாள், அப்படி உதறுவாள் என்பாள். புருஷன் லிப்ட் மெக்கானிக். மூத்தவளைப் பற்றி வாயே திறக்க மாட்டான். பேசினாலாவது சண்டை போடலாம், பேசாதவனிடம் என்னத்தைச் சொல்லிச் சண்டை போடுவது? உயிரோடு இருப்பவளுக்கு வயசு ஏறும், கோபம் வரும், சமையலில் உப்பு கூடும். செத்தவளுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பதால் நாத்தனார் அவளுக்கு வைத்த பேர் கண்ணாடிக்காரி. அந்த நாத்தனார்தான் ஒருநாள் போனில் கூப்பிட்டாள். சொந்தபந்தம் எல்லாம் கூடப்போகிறது, நம் வம்சத்தை ஒரு பெரிய படமாக வரைந்து மாட்ட வேண்டும், பழைய கிறுக்கல் எழுத்தைப் படிக்க உன் கண்தான் லாயக்கு என்று தேனொழுகப் பேசி வேலையை அவள் தலையில் கட்டினாள். கண்ணாடிக்காரிக்கு உள்ளூரச் சந்தோஷம். நாலு பேர் பார்க்கும் இடத்தில், புருஷன் பேருக்குப் பக்கத்தில் தன் பேர் நிற்கும். அவள் கேட்டதெல்லாம் அந்த ஒரு இடம்தான்.

விடுமுறை நாட்களில் ஆவணக் காப்பகத்துக்குப் போனாள். புருஷனின் கொள்ளுத்தாத்தா கடிகாரம் பழுதுபார்த்தவர், இவர்கள் குடியிருக்கும் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். ஒரு மக்கள்தொகைக் கணக்கில் அவருக்கு மனைவி என்று ஒருத்தி இருந்தாள். அடுத்த கணக்கில் அதே இடத்தில் வேறொருத்தி. முதல் மனைவி நடுவில் செத்திருப்பாள் என்று நினைத்து இறப்புப் பதிவுகளைத் தேடினாள். கிடைத்தது, ஆனால் அவள் நினைத்த வருடத்தில் இல்லை. இரண்டாவது கணக்கெடுப்புக்கு மறுவருடம், அதே வீட்டில், நெஞ்சு நோயில் இறந்ததாக எழுதியிருந்தது.

அப்படியென்றால் கணக்கெடுக்க வந்த அன்றைக்கு அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

காப்பக எழுத்தரிடம் கேட்டாள். அவருக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம். கணக்கெடுப்பவர் முக்கியமாகக் கேட்பது, நேற்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் தூங்கினீர்கள் என்பதைத்தான், இந்த மாதம் வரப்போகிறவர்களும் அதைத்தான் கேட்பார்கள் என்றார்.

"கதவ யார் தெறக்கறாங்களோ அவங்க சொல்றதுதாம்மா கணக்கு. உள்ள போயி யாரும் தலைய எண்ண மாட்டாங்க."

பதில் சொன்னவர் என்ற இடத்தில் இரண்டாவது மனைவியின் பேர் இருந்தது. உள்ளே நோயில் கிடந்தவளை, வாசலில் நின்றபடி ஒரே வார்த்தையில் இல்லாமல் செய்துவிட்டாள். அடிப்பாவி என்று தோன்றவேண்டிய நேரத்தில், கண்ணாடிக்காரிக்குக் கெட்டிக்காரி என்று தோன்றியது.

படத்தை வரைந்தாள். கடிகாரக்காரருக்கு ஒரே மனைவி, அந்த இரண்டாமவள். கீழே இறங்கி வந்து, தன் புருஷனுக்கும் ஒரே மனைவி. பேனாவை மூடியபோது அப்படி ஒரு நிம்மதி.

சாயங்காலம் வேலையிலிருந்து வந்த புருஷன் அதைப் பார்த்தான்.

"அவ எங்க?" என்றான்.

"எடம் பத்தல."

அவன் கைகளில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நின்றான். அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. மூத்தவள் எந்த அறையில்தான் செத்தாள் என்று கேட்டுவிட்டாள்.

"பின்னறையில. வெளிச்சம் கண்ணுக்கு ஆகலன்னு கடைசியில இருமிக்கிட்டே அங்கதான் இருந்தா," என்றான்.

அந்தக் குரல் இளகியிருந்தது. தன்னிடம் ஒருநாளும் அவன் அப்படிப் பேசியதில்லை. அவளுக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. மறுநாள் காலை அவன் கிளம்பியதும் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்து பின்னறைக்குப் போட்டாள்.

பூட்டிய பிறகுதான் வாசனை வர ஆரம்பித்தது.

முதலில் தைல வாசனை. அப்புறம் நாள்பட்ட ஈரத்துணியின் வாடை. நல்ல வெயில் நேரத்தில், தெருவில் வண்டிகள் போய்க்கொண்டிருக்கும்போதே, அந்தக் கதவின் அடியிலிருந்து குளிர்ச்சி கசிந்து அவள் கணுக்கால்களைத் தொட்டது. எலி செத்திருக்கும் என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

எலி இருமாது.

மெதுவாக, யாருக்கும் தொந்தரவு தரக்கூடாது என்று அடக்கி அடக்கி இருமும் இருமல். அவள் அசையாமல் நின்று கேட்டாள்.

அது ஓய்ந்தது.

ஓய்ந்த இடத்திலிருந்து இன்னொரு இருமல் தொடங்கியது. வேறு தொண்டை.

பயம் வந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகம். செத்தும் இந்த வீட்டை விட்டுக்கொடுக்க மாட்டார்களாமா? பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அப்போது வாசலில் மணி அடித்தது. கணக்கெடுக்க வந்த பள்ளிக்கூட டீச்சர். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பேர்கள் எழுதும் தாள்கள், வெயிலில் அலைந்த முகம். நேற்று ராத்திரி இந்த வீட்டில் தூங்கியவர்கள் யார் யார் என்று கேட்டாள்.

"நானும் அவரும்தான்," என்றாள் கண்ணாடிக்காரி. "வேற யாரும் இல்ல."

உள்ளே இருமல் கேட்டது. டீச்சர் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்காரி பக்கத்து வீட்டுச் சத்தம் என்று பூசி மெழுகினாள். டீச்சர் குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

தண்ணீரோடு அவள் திரும்பி வந்தபோது வாசலில் ஆள் இல்லை.

டீச்சர் பின்னறைக் கதவருகே நின்றிருந்தாள். குனிந்து, காதைக் கொடுத்து, தலையாட்டிக்கொண்டே எழுதிக்கொண்டிருந்தாள். பூட்டு தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"கூப்பிட்டாங்க, அதான் வந்தேன்," என்றாள் டீச்சர். "முடியாதவங்க, பாவம், நிறுத்தி நிதானமா எல்லாத்தையும் சொன்னாங்க. வீட்டுக்காரர், அவர் சம்சாரம், கூட நெஞ்சு நோயில கெடக்கற ஒரு பெரியம்மா. மூணு பேர்."

"நான்?"

டீச்சர் தாளைப் புரட்டிப் பார்த்தாள்.

"உங்கள விருந்தாளின்னாங்களே. நேத்து இங்க தூங்கலயாமே."

இது என் வீடு, நான்தான் அவர் சம்சாரம் என்று சொல்ல வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. டீச்சர் அதற்குள் பேனாவைச் செருகிக்கொண்டு, அவளைத் தாண்டி வெறும் கூடத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்து, பின்னறைப் பக்கம் திரும்பிப் போய்வருகிறேன் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். தண்ணீர் டம்ளர் கண்ணாடிக்காரியின் கையிலேயே இருந்தது.

சாயங்காலம் புருஷன் வந்தான். அவள் ஓடிப்போய் எதிரே நின்றாள். அவன் செருப்பைக் கழற்றி, பையை மாட்டி, அவள் தோளை உரசிக்கொண்டு நடந்தான், நிற்கவில்லை. நேரே பின்னறைக்குப் போனான். பூட்டு எப்போது விழுந்தது என்று தெரியவில்லை. கதவு உள்ளேயிருந்து திறந்தது.

"வந்துட்டேன்மா," என்றான். அந்த இளகிய குரல்.

அவள் அவன் பேரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பேர் அவள் காதுக்கே எட்டவில்லை. ஆனால் அவன் ஒரு நொடி நின்று, கூடத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"அங்க யாரோ நிக்கற மாதிரி இல்ல?"

"யாரு இருக்கா?" என்றது உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், லேசாக இருமிக்கொண்டே. "நாம மூணு பேர்தானே."