ஏர் பில்டரில் ஈரம்

ஏர் பில்டர் ஈரமாக இருந்தது.

ஷேக் தாவூத் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா பார்த்தான். திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டோரம் இருந்த அவன் பட்டறையின் தகரக் கூரை, சித்திரை வெயிலில் அவ்வப்போது டப்பென்று ஒரு சத்தம் போட்டு அடங்கியது. பொங்கலிலிருந்து ஓடாமல் வெயிலில் காய்ந்து கிடந்த ஸ்போர்ட்ஸ் பைக் அது. விபத்தில் இறந்துபோன பிரேம்குமாருடையது. அவன் அப்பா வீரமுத்து, மரக்காணம் பக்கத்து மீனவர், காலையில் குட்டியானை வண்டியில் ஏற்றிவந்து இறக்கினார். "ஓட வச்சிக் குடு பாய், வித்துடலாம். அவன் அம்மா இதையே பாத்துக்கினு கெடக்கறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சீட்டைக் கழற்றி, அடியிலிருந்த காற்றுப் பெட்டியின் மூடியைத் திறந்ததுமே அந்த வாசம் வந்தது. பெட்ரோல் இல்லை, ஆயிலும் இல்லை. வெகுநாளாக இறைக்காத கிணற்றின் பாசி வாசம். பில்டரின் காகித மடிப்புகளில் தண்ணீர் கோத்திருந்தது. தொட்டால் சில்லென்றிருந்தது.

அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பட்டறையில் கம்ப்ரசர் இருக்கிறது. ஆனாலும் பில்டரின் ஒரு பக்கம் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் உள்ளங்கைக்குக் காற்று வருகிறதா என்று பார்ப்பதுதான் தாவூத்துக்கு வழக்கம். புழுதி தின்னாத மெக்கானிக் எங்கே இருக்கிறான்? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். வாயை வைத்து ஊதினான். உள்ளங்கைக்கு ஒன்றும் வரவில்லை. மூச்சு தீர்ந்து வாயை எடுக்கப்போன நேரத்தில், அந்தப் பக்கத்திலிருந்து யாரோ ஊதியது போல ஒரு குளிர்ந்த மூச்சு அவன் வாய்க்குள் புகுந்து தொண்டையில் இறங்கியது.

பில்டரைக் கீழே போட்டுவிட்டான். சுற்றிலும் யாரும் இல்லை. வெயிலில் கிறுகிறுப்பு வந்துவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். புது பில்டரைப் பொருத்தி ஸ்டார்ட் செய்தான். என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆனால் அதன் சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. மூச்சை இழுக்கிற சத்தம். இழுத்தது, இன்னும் இழுத்தது, விடவே இல்லை. கொஞ்ச நேரத்தில் வண்டி திணறி நின்றது. திறந்து பார்த்தான். புது பில்டரும் நனைந்திருந்தது.

பட்டறையைச் சாத்துகிறவரை வாயைக் கொப்பளித்துக்கொண்டே இருந்தான். பாசி வாசம் போகவில்லை. நெஞ்சுக்குள் எதுவோ தளும்பியது. பயமாக இருந்தது; பயம் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாகவும் இருந்தது.

அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது பள்ளிவாசல் முன் வழக்கம்போலத் தாய்மார்கள் பிள்ளைகளோடு நின்றிருந்தார்கள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் ஓதி ஊதினால் நோய் தணியும் என்று ஒரு நம்பிக்கை. அவன் மனைவி முஹ்சினாவும் நின்றிருந்தாள், தோளில் சின்னவள் சாஜிதா. பிறந்ததிலிருந்தே வீசிங். போன வாரம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் விடிய விடியப் புகை மருந்து வைத்துத்தான் பிள்ளையை மீட்டுக்கொண்டு வந்தார்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூச்சுச் சத்தம் காதில் விழாமல் தாவூத்துக்குத் தூக்கம் வராது.

"நீங்களே ஊதுங்க" என்றாள் முஹ்சினா. "மத்தியானத்துல இருந்து இழுத்துக்கினே இருக்கா."

ஓதினான். குனிந்தான். ஊதினான்.

ஊதிய பிறகுதான் உறைத்தது. அவன் வாயிலிருந்து போன காற்று சில்லென்றிருந்தது. பாசி வாசம் அடித்தது. சாஜிதா வாயைத் திறந்து அதை அப்படியே உள்ளே இழுத்துக்கொண்டாள்.

இழுப்பு நின்றுவிட்டது.

"பாத்தீங்களா? சத்தமே இல்ல!" முஹ்சினாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையை அவன் தோளில் போட்டுவிட்டுப் பால் வாங்க முன்னால் நடந்தாள்.

போன் அடித்தது. வீரமுத்து.

"வண்டி ஆச்சா பாய்?"

"அண்ணே, உங்க புள்ள எப்படிண்ணே தவறுனாரு?"

வீரமுத்து மெதுவாகச் சொன்னார்.

"கோலியனூர் தாண்டி ரோட்டோரக் கெணறு பாய். வண்டியோட வுழுந்துட்டான். ஆளுங்க எறங்கித் தேடறப்போ சீட்டு கழண்டு கெடந்துதாம். அந்தக் காத்துப் பொட்டி இருக்குல்ல, அதும்மேல வாய வச்சிக்கினு கெடந்தானாம். இழுத்தும் வாய எடுக்க முடியலன்னாங்க. அதுல எவ்ளோ பாய் காத்து இருந்திருக்கும்?"

தாவூத் போனை இறக்கினான்.

தோளில் சட்டை நனைந்துகொண்டிருந்தது. எச்சில் இல்லை. எச்சில் இவ்வளவு ஊறாது. பிள்ளை கனத்தாள். அவள் நெஞ்சு அவன் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. அசையவில்லை. ஷேர் ஆட்டோ ஒன்று கடந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தான். கண் திறந்திருந்தது.

முஹ்சினாவைக் கூப்பிட வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை.

ஜில்லென்ற சின்ன உதடுகள் அவன் கழுத்தில் பட்டன. தாடையில். கன்னத்தில். தேடின. இறக்கிவிடலாம். போட்டுவிட்டு ஓடலாம். பெற்ற கை விடுமா? இன்னும் இறுக்கிக்கொண்டான். வாயை மூடவில்லை. மூச்சு வேண்டும், அவளுக்கு மூச்சு வேண்டும். அவள் வாய் வந்து பதிந்தது. இழுத்தது. விடவில்லை.

பால் பாக்கெட்டோடு முஹ்சினா திரும்பிப் பார்த்தாள்.

"அத்தாவுக்கு மட்டுந்தான் முத்தமா? அம்மாவுக்கு இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே, கன்னத்தைக் காட்டியபடி கிட்டே வந்தாள்.